பிற விவரங்கள்

ஜனவரி 9

அன்பு மருமகளே,

உன் மாமா நலமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பான்? இந்த மருத்துவமனையின் கட்டுப்போடும் அறையில் இருபத்தொன்பது வருடமாக நிற்கிறேன். ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று லீவு போட்டதில்லை. காய்ச்சல் என்னைப் பார்த்தால் அடுத்த தெரு வழியாகப் போய்விடும். தொண்டைதான் பத்து நாளாகக் கொஞ்சம் கரகரப்பு. பாடுகிறவனுக்கு அது இருக்கத்தான் செய்யும்.

போனில் பேசலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் வழக்கம்போல உங்கள் கிருமி ஆய்வு மையத்துக்கு மாதிரி கொண்டுவரும் குளிர்ப்பெட்டியின் வெளிப்பையில் இந்தக் கடிதத்தைச் செருகியிருக்கிறேன். காலிப் பெட்டி திரும்பும்போது உன் பதில் அதில் இருக்க வேண்டும்.

இப்போது வழக்கு. போன தடவை நான் நிரப்பி அனுப்பிய படிவம் உங்கள் மையத்திலிருந்து திரும்பி வந்தது. 'பிற விவரங்கள்' என்ற கட்டத்தில் நான் எழுதியதன் குறுக்கே சிவப்புக் கோடு. போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோடு சாய்ந்திருக்கும் விதம் அப்படியே உன் அம்மா.

உங்கள் மையத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் தாள் வரும். ஆனால் என் கையெழுத்து மாதிரி வருமா? எங்கள் பரிசோதனை அறையில் இருப்பது ஒரே ஒரு பெண். அவர் எழுதினால் தாளில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். அதனால்தான் எட்டாம் வகுப்பு வரை முதல் மாணவனாக வந்த என்னிடம் இந்தப் பொறுப்பு வந்தது. வகுப்பில் மொத்தம் மூன்று பேர் என்பது வேறு கதை.

இந்தப் பெட்டியில் வருவது ஒரு தச்சருடைய கிருமி. உளி இறங்கிய உள்ளங்கை. மூன்று நாள் என்னிடம் கட்டுப் போட்டுக்கொண்டார். நான்காம் நாள் காய்ச்சல் கொதித்தது, ரத்தத்திலேயே கிருமி. பரிசோதனை அறைப் பெண் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகக் காட்டினார், மணி மணியாகக் கோத்த சங்கிலி. அவர் சொல்லும் பெயர் என் வாயில் நுழையாது. எனக்கு அது சங்கிலிக் கிருமி. தச்சர் பிழைத்துவிட்டார். முழு வரலாறும் தனித்தாளில் எழுதிக் குத்தியிருக்கிறேன்: அவர் காயத்தின் மேல் குனிந்து, வலி தெரியாமல் இருக்க இரண்டு பாட்டு பாடினேன் என்பது உட்பட.

பெரிய டாக்டர் வழிமறித்தார். "ஆள்தான் பிழைச்சுட்டானேய்யா, அப்புறம் எதுக்கு அனுப்புறே? அனுப்பினா நூறு கேள்வி கேப்பாங்க."

"அனுப்பியே ஆகணும்னு சுவத்துல ஒட்டியிருக்கு சார்."

"எந்தச் சுவத்துல?"

"என் ரூம்ல சார். ஒட்டினதே நான்தான்."

அப்படியே அசந்து நின்றுவிட்டார். சரி, ஒரு நொடி நின்றார்.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும்,
மாமா


ஜனவரி 16

அன்பு மாமாவுக்கு,

சிவப்புக் கோடு நான் போட்டதுதான். அந்தக் கட்டத்துக்கு ஐந்து வரி. இந்தத் தடவையும் நீங்கள் எழுதியது நான்கு பக்கம். தச்சருடைய தாத்தா கட்டிய தேக்குக் கட்டிலைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். அதைப் படித்துவிட்டு என் பக்கத்து மேஜைக்காரி, "உங்க மாமா டாக்டரா, நாவலாசிரியரா?" என்று கேட்கிறாள்.

இங்கே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பொறுமையாகக் கேளுங்கள். இந்தக் கிருமி சாதாரணமாகத் தொண்டையில் வரும், வலி கொடுக்கும், போய்விடும். அது ரத்தத்துக்குள்ளோ ஆழமான தசைக்குள்ளோ, இருக்கவே கூடாத இடத்துக்குள் நுழைந்தால்தான் ஆள் போகும் அளவுக்கு ஆபத்து. அப்படி நுழைந்த ஒவ்வொன்றையும் நாடு முழுவதிலிருந்தும் வாங்கி, எந்த வகை என்று பிரிக்கிறோம். சுவரில் பெரிய வரைபடம் இருக்கிறது. எங்காவது ஒரே வகை திடீரென்று கூடினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மருத்துவமனை அனுப்பாமல் விட்டால் அந்த இடம் வரைபடத்தில் சுத்தமாக, அழகாகத் தெரியும். அதுதான் பயம். அந்த விஷயத்தில் பெரிய டாக்டரிடம் நீங்கள் பேசியது சரி. ஒரு நொடி நின்றார் என்பதையும் நம்புகிறேன்.

உங்கள் தச்சருடையது எங்களுக்கு அபூர்வமாக வரும் வகை. உங்கள் பக்கம் இதற்கு முன் வந்ததே இல்லை.

கரகரப்பு என்றால் தொண்டையைக் காட்டுங்கள் மாமா. அம்மா உங்களைத் திட்டச் சொன்னாள். திட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோளில் ஒரே ஒரு தடவை, அதுவும் அழுதுகொண்டு ஏறியதாக நினைவு,
மருமகள்


பிப்ரவரி 6

அன்பு மருமகளே,

ஐந்து வரியில் எழுது என்கிறாய். மனுஷன் படும் பாட்டைத் தபால் தலையிலா எழுதுவது? நான் தனித்தாள் குத்தத்தான் செய்வேன். நீ கோடு போடு. உன் பேனா மை தீரட்டும், என் பேனா தீராது.

இந்தப் பெட்டியில் இரண்டு கிருமித் தட்டு வருகிறது. ஒன்று, ஓய்வு பெற்ற கண்டக்டர். காலில் ஆறாத புண், வாரம் இரண்டு தடவை என்னிடம் வருவார். நான் ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடினால் அவர் இரண்டாம் வரியைப் பாடுவார். மொத்த வராந்தாவும் கைதட்டும். காயத்தில் துணியை அழுத்திப் பிடித்திருந்தவர்கள் மட்டும் தட்டவில்லை. அவர் கால் தொடை வரை வீங்கி, இரண்டு தடவை கத்தி வைத்துவிட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

மற்றது ஒரு தையல்காரம்மா. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய்த் தையல் பிரிக்க வந்தவர். பயந்த சுபாவம். கத்தரிக்கோலைப் பார்த்து, "நான் ஊருக்கெல்லாம் வெட்டுறேன், எனக்குன்னா நடுங்குது பாருங்க" என்றார். நான் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஒரு தாலாட்டு மாதிரிப் பாடினேன். சிரித்துக்கொண்டே போனார். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் வந்தார். நேற்றுக் காலை போய்விட்டார்.

மருமகளே, இந்த வரியில் ஜோடனை எதுவும் இல்லை. போய்விட்டார்.

நர்ஸம்மா கட்டுப்போடும் அறையில் எல்லோரும் மாஸ்க் போட வேண்டும் என்கிறார். மாஸ்க்குக்குள் பாடினால் தலையணைக்கு அடியில் அலாரம் அடித்த மாதிரி இருக்கும். எனக்கு அது சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர் இரண்டு தட்டையும் குப்பையில் போடச் சொன்னாராம். பரிசோதனை அறைப் பெண் கண் கலங்கி நின்றார். நான் பெரிய டாக்டர் கண் முன்னாலேயே பெட்டியைக் கட்டி, வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வேலையை விட்டு எடுக்கட்டும், பார்க்கிறேன்.

எவனோ ஒருத்தன் இதைச் சுமந்துகொண்டு திரிகிறான் என்று என் மனசு சொல்கிறது. அவன் யாராக இருந்தாலும் சரி, காதைப் பிடித்து இழுத்து வந்து உன் முன்னால் நிறுத்துகிறேன். உன் மாமா வாக்கு.

கோபத்தில் இருக்கும்,
மாமா


பிப்ரவரி 14

அன்பு மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

மூன்று கிருமியும் ஒன்றுதான். அதே அபூர்வ வகை. அதோடு நிற்கவில்லை, மரபணுவை முழுவதுமாகப் படித்தோம். பதினெட்டு லட்சம் எழுத்து. தச்சருடையதும் தையல்காரம்மாவுடையதும் அச்சு அசல். கண்டக்டருடையதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. மூன்று பேரும் தனித்தனியாக வெளியிலிருந்து கொண்டுவந்தது என்றால் இப்படி இருக்க வாய்ப்பே இல்லை. ஒரே இடத்திலிருந்து போயிருக்கிறது.

ஊழியர்கள் அனைவருக்கும் தொண்டைச் சோதனை செய்யச் சொல்லி மையம் உங்கள் பெரிய டாக்டருக்கு எழுதியது. "தற்செயல், நோயாளிகள் வெளியிலிருந்து கொண்டுவந்தது" என்று இரண்டு வரியில் பதில் வந்திருக்கிறது. மூன்று பேரும் படுத்தது வேறு வேறு வார்டு. பார்த்த டாக்டர்கள் வேறு வேறு. படிவத்தில் இருக்கும் கட்டங்களை வைத்துப் பார்த்தால் மூவருக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை.

ஆகவே, நான் கோடு போட்ட தாள்களை எடுத்து மறுபடியும் படித்தேன் மாமா. தேக்குக் கட்டில், வராந்தா கைதட்டல், எல்லாவற்றையும். 'பிற விவரங்கள்' மூன்றிலும் ஒரே ஒரு ஆள் வருகிறார். குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், மாஸ்க் இல்லாமல் பாடுகிறார். டிசம்பர் கடைசியிலிருந்து அவருக்குத் தொண்டை கரகரப்பு என்று எனக்கு எழுதிய கடிதமும் என்னிடம் இருக்கிறது.

நான் உங்கள் தங்கை மகள் என்பதை மேலதிகாரியிடம் சொல்லி, இந்த வழக்கை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் கேட்பதை நானேதான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. தொண்டையைக் காட்டுங்கள். முடிவு வரும்வரை அந்த அறைக்குள் போகாதீர்கள்.

மருமகள்


பிப்ரவரி 17

மருமகளுக்கு,

நீ எழுதியது கிடைத்தது.

இருபத்தொன்பது வருடம். எத்தனை காயம் என்று கணக்கு வைத்திருந்தால் உங்கள் மையத்துச் சுவர் பத்தாது. என் கை பட்டால் ஆறும் என்று ஆட்கள் வரிசையை விட்டு என் வரிசைக்கு வருவார்கள். அந்தக் கைக்காரனிடம் வாயைத் திற என்கிறாய். என்னை நீ திருடன் மாதிரி நிறுத்தியிருக்கிறாய்.

உங்கள் மையத்தின் புதுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் எனக்கு நாற்காலி கிடைத்தது இதுதான் முதல் தடவை.

"அந்தத் தாள்ல நீ எழுதினதெல்லாம் கதைதானேய்யா?" என்றார். "நீ அளக்குறவன்னு ஊருக்கே தெரியும். பாடினேன், குனிஞ்சேன்னு எழுதினது சும்மா ஜோடனைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. விஷயம் முடிஞ்சுது. இல்லேன்னா ஆபரேஷன் தியேட்டரையே மூடச் சொல்வாங்க. அடுத்த ஆஸ்பத்திரி ரெண்டு மணி நேரம். நடு வழியில எத்தனை பேர் போவாங்கன்னு நெனச்சுப் பாரு."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்தால் உன் அத்தையும் அதையே சொல்கிறாள். உன் அம்மா போனில், "அண்ணா, வாழ்க்கை பூரா பொய் சொல்லியிருக்கே, இன்னிக்கு ஒரு தடவை உருப்படியா சொல்லேன்" என்று அழுகிறாள்.

அவர் கொடுத்த தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. எவன் சோதனைக் குச்சியும் என் தொண்டைக்குள் வராது.

மாமா


பிப்ரவரி 20

அன்பு மாமாவுக்கு,

இதைக் காலிப் பெட்டி திரும்பும்வரை வைத்திருக்க மனமில்லாமல் தபாலில் அனுப்புகிறேன்.

நீங்கள் பேருந்தைக் கயிறு கட்டி இழுத்ததை நான் நம்பியதில்லை. பாலத்திலிருந்து குதித்து மூன்று பேரைக் காப்பாற்றியதை நம்பியதில்லை. அமைச்சர் உங்கள் கையைப் பிடித்து அழுததை, அம்மா தலையில் அடித்துச் சொல்லியும் நம்பியதில்லை. ஆனால் அந்த மூன்று தாளையும் படித்த உடனே நம்பினேன். ஏன் தெரியுமா? உங்கள் பொய்களில் நீங்கள் எப்போதும் யாரையாவது ஜெயிப்பீர்கள். இந்த மூன்றிலும் யாரையும் ஜெயிக்கவில்லை. பயந்துபோன ஒருவர் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

கிருமியைச் சுமப்பது திருட்டு இல்லை. யாருக்கும் வரும், எனக்கும் வரலாம். தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் நம்முடையது.

திங்கட்கிழமை உங்கள் அறை வாசல் பெஞ்சில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? ஐம்பது என்பீர்கள். பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

மருமகள்


மார்ச் 18

அன்பு மருமகளே,

ஒரு மாதம் எழுதவில்லை என்று கோபிக்காதே. கோபித்தாலும் பரவாயில்லை, என் முறை முடிந்தது, உன் முறை.

அந்தத் திங்கட்கிழமை பெஞ்சில் பதினாறு பேர். நானே எண்ணினேன். எண்ணி முடித்து, என் அறைக்குள் போகாமல் அவர்களோடு கடைசியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டு வாத்தியார், கட்டை விரலில் கட்டு. "என்ன சார், இன்னிக்கு நீங்களும் நோயாளியா?" என்றார். "அதைத்தான் கேக்கப் போறேன்" என்று சொல்லி எழுந்து, பரிசோதனை அறைக்குப் போய் வாயைத் திறந்தேன். குச்சி உள்ளே போனதும் குமட்டி, அந்தப் பெண்ணின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். வீரமாக நின்றேன் என்று எழுத மாட்டேன்.

அப்புறம் பெரிய டாக்டரிடம் போனேன். அவர் கொடுத்த தாளை மேஜையில் வைத்தேன்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டிருக்கேன் சார். ஆனா வரியை மாத்திட்டேன்."

நான் எழுதியிருந்தது இது: 'மூன்று தாளிலும் நான் எழுதியவற்றில் தேக்குக் கட்டில் பொய். வராந்தாவில் கைதட்டியது இரண்டே பேர். மற்றவை உண்மை. மூவருக்கும் கட்டுப் போட்டது நான். மாஸ்க் போடாதது நான். பாடியது நான்.'

"உனக்குப் பைத்தியமாய்யா? நீ சொன்னா யார் நம்புவா?" என்றார்.

"என் மருமக நம்புவா சார்."

வாழ்க்கையில் நான் விட்ட எந்தக் கதைக்கும் இவ்வளவு நேரம் அவர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்ததில்லை. இதையும் நீ ஒரு நொடி என்றே வைத்துக்கொள்.

முடிவு உனக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அதே வகை, அச்சு அசல். பத்து நாள் மாத்திரை. பெரிய டாக்டர் உட்பட முப்பத்தோரு பேர் வாயைத் திறந்தார்கள். வேறு யாருக்கும் இல்லை. தியேட்டரை இரண்டே நாள் மூடிக் கழுவித் திறந்துவிட்டார்கள். நடு வழியில் யாரும் போகவில்லை. கண்டக்டர் கண் திறந்து, இப்போது கைத்தடியோடு நடக்கிறார். எனக்கு இரண்டு தடவை எடுத்தும் சுத்தம் என்று வந்தது. ஆனாலும் என்னைத் துணிக்கிடங்குக்கு மாற்றி உத்தரவு போட்டார் பெரிய டாக்டர். இரண்டு தடவை சுத்தமாக வந்தால் வேலைக்குத் திரும்பலாம் என்று உங்கள் மையத்தின் விதி சொல்கிறது. அதைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் அறைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினேன். தினமும் கிழித்தார். தினமும் ஒட்டினேன். ஆறாம் நாள் கிழிக்கவில்லை. நேற்றிலிருந்து என் அறையில்தான் நிற்கிறேன், மாஸ்க்கோடு. பாட்டு வாத்தியார் கேட்டுவிட்டு, "என்ன சார், பக்கத்து வீட்ல ரேடியோ பாடுற மாதிரி இருக்கு" என்கிறார். பாடட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனேன். போகாதே என்று உன் அத்தை சொன்னாள், நர்ஸம்மா சொன்னார், பெரிய டாக்டர் எழுத்தில் சொன்னார். போனேன். ஜன்னல் ஓரத்தில் தையல் மெஷின், ஊசிக்கு அடியில் பள்ளிச் சட்டை ஒன்று பாதியில் நின்றது. அவருடைய கணவர் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னேன், படிவத்தில் எழுதுகிற மாதிரி, ஐந்து வரியில்.

அவர் அந்தச் சட்டையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். "அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரு தாலாட்டைப் பாடிக்கிட்டே இருந்தா. எங்க கத்துக்கிட்டான்னு தெரியாம இருந்தேன்" என்றார். பிறகு கதவு வரை வந்து, நான் வெளியே இறங்கியதும் சாத்திக்கொண்டார்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், மன்னித்தார் என்று எழுத விரல் துடிக்கிறது, மருமகளே. எழுத மாட்டேன். அவர் மன்னிக்கவில்லை.

அந்தத் தாலாட்டை இனி பாட மாட்டேன். மற்ற எல்லாவற்றையும் பாடுவேன்.

இத்துடன் என் தொண்டைக் கிருமிக்கு நிரப்பிய படிவத்தின் நகலை வைத்திருக்கிறேன். அசலை இந்த வழக்கை இப்போது பார்ப்பவர் வாங்கிக்கொண்டார், நகலாவது உன்னிடம் இருக்கட்டும். வயது என்ற கட்டத்தில் ஐம்பத்தேழு என்று உண்மையை எழுதியிருக்கிறேன். உன் அத்தையிடம் அது ஐம்பத்து நான்காகவே இருக்கட்டும். 'பிற விவரங்கள்' கட்டத்தில் எண்ணிப் பார், சரியாக ஐந்து வரி. எதன் மேலாவது கோடு போட முடிந்தால் போடு.

மாமா